‘லைட்’: ஒரு சொல்லா, இரு சொற்களா? – பல்பொருள் ஒருசொல் நோக்கில் ஓர் ஆங்கிலச் சொல்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகுதியும் பயிலும் சொற்களுள் ஒன்று ‘லைட்’. ஒளி, விளக்கு, நெருப்பு, சாளரம், அறிவுத் தெளிவு, வெளிர்நிறம் ஆகிய பொருள்களையும், கனமின்மை, எளிமை, மென்மை, இறங்குதல், விலங்கின் நுரையீரல் ஆகிய பொருள்களையும் இவ்வொரு வடிவமே சுமந்து நிற்கிறது. இவை ஒரு சொல்லின் பொருள்விரிவு அல்ல. வெவ்வேறு வேர்களில் தோன்றிக் காலப்போக்கில் ஒலியால் ஒன்றுபட்ட இரு சொற்களின் பொருள்கள் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தொல்காப்பியர் வகுத்த பல்பொருள் ஒருசொல் பற்றிய அளவுகோல்கள் இவற்றைப் பிரித்தறியத் துணைபுரிவதும், தமிழிலுள்ள ‘இலகு’ என்னும் சொல் ஏறக்குறைய இதே நிலையில் இருப்பதும், ஆங்கிலம்–தமிழ் அகராதியாக்கத்திலும் மொழிபெயர்ப்பிலும் இவற்றால் எழும் சிக்கல்களும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பல்பொருள் ஒருசொல், சொற்பிறப்பு, மொழிபெயர்ப்பு, அகராதியியல், இலகு, ஒளி.

முன்னுரை

1854ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் கிரிமியப் போரில், பாலக்லாவா என்னுமிடத்தில், பிரித்தானியக் குதிரைப்படைப் பிரிவொன்று உருசியப் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்து பேரிழப்புக்கு உள்ளாயிற்று. டென்னிசனின் கவிதையால் அந்நிகழ்ச்சி ஆங்கில இலக்கிய மாணவர் அனைவரும் அறிந்த ஒன்றாயிற்று. அப்படையின் பெயர் ‘லைட் பிரிகேட்’. இப்பெயரை ‘ஒளிப்படை’ எனப் பெயர்க்கத் தோன்றுவது இயல்பே. வீரர்களின் புகழொளி என்று அதற்கொரு விளக்கமும் உடனே கிடைத்துவிடும். ஆனால், அது ஒளியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத பெயர். கனத்த குதிரைகளும் கனத்த படைக்கலங்களும் கொண்ட பிரிவு ‘ஹெவி பிரிகேட்’. விரைந்து செல்லத்தக்க, சுமை குறைந்த பிரிவு ‘லைட் பிரிகேட்’. அதே நாளில் அதே களத்தில் இரு பிரிவுகளும் போரிட்டன.

பிழையான பெயர்ப்பும் பொருள் தருவது போலவே தோன்றுவதுதான் இங்குள்ள இடர். முற்றிலும் பொருந்தாத பெயர்ப்பைப் படிப்பவர் ஐயுற்றுத் திருத்திக்கொள்வர். ஓரளவு பொருந்துவது போன்ற பெயர்ப்போ நூலில் நிலைத்துவிடும். ஆகவே ‘லைட்’ என்பதற்கு எத்தனை பொருள் என்று எண்ணுவதற்கு முன்னர், அஃது எத்தனை சொல் என்று கேட்க வேண்டியுள்ளது.

இரு வேர்கள்

செருமானியக் கிளைமொழிகளுள் மிகப் பழைய பெரும் எழுத்துச்சான்றை உடையது காதிக் மொழி. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உல்பிலா செய்த விவிலிய மொழிபெயர்ப்பு அம்மொழியில் உள்ளது. அங்கு ஒளிக்கு ‘லியுஹாத்’ என்றும், கனமற்றது என்பதற்கு ‘லீஹ்ட்ஸ்’ என்றும் இரு வேறு சொற்கள் வழங்கின. எவரும் மயங்க வழியில்லை. இன்றைய செருமன் மொழியும் அவ்வேறுபாட்டைக் காத்து வருகிறது. அங்கு ‘லிஹ்ட்’ என்பது ஒளி. ‘லைஹ்ட்’ என்பது கனமற்றது. சுவீடிய மொழியிலும் இரண்டும் வேறாகவே உள்ளன. டச்சு மொழியிலோ ஆங்கிலத்தைப் போலவே இரண்டும் ‘லிஹ்ட்’ என ஒன்றாகிவிட்டன. ஒரே குடும்பத்து மொழிகளுள் சில பிரித்தே வைத்திருக்க, சில இணைத்துவிட்டன என்பதே, இணைப்பு பொருளுறவால் நேர்ந்ததன்று, ஒலிமாற்றத்தால் நேர்ந்தது என்பதற்குப் போதிய சான்றாகும்.

ஆங்கிலத்தில் நேர்ந்தது இது. கனமின்மையைக் குறித்த மூலச்சொல்லில் ‘ஹ்’ ஒலிக்கு முன் ஒரு மூக்கொலி இருந்தது. அது கெட, அதற்கு ஈடாக முன்னின்ற உயிர் நீண்டது. பின்னர் அந்நெடில் ‘ஹ்’ ஒலியின் சார்பால் திரிந்து, மேற்குச் சாக்சன் கிளைமொழியில் ஒளியைக் குறித்த சொல்லின் வடிவத்தையே அடைந்தது. அன்றிலிருந்து இரண்டும் ஒருவழிப் பயணம். இடைக்கால ஆங்கிலத்தில் ‘லிஹ்ட்’ என ஒலித்து, உரசொலி மறைந்தபின் ‘லீட்’ எனவாகி, நெட்டுயிர்கள் பெருமளவில் இடம்பெயர்ந்த காலத்தில் ‘லைட்’ ஆயிற்று. இன்றைய எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் கிடக்கும் இரண்டு எழுத்துகள் அம்மறைந்த உரசொலியின் தடம். ‘அஃது’ என்னும் சொல்லில் தகரத்துக்கு முன் நிற்கும் ஆய்தத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு அவ்வொலி ஏறத்தாழ எங்கு நின்றது என்பது எளிதில் விளங்கும்.

இங்கு ஒன்றைச் சொல்லிச் செல்லலாம். மகிழ்ச்சி எனப் பொருள்படும் ‘டிலைட்’ என்னும் சொல்லும் அதே ஊமை எழுத்துகளுடன் எழுதப்படுகிறது. ஆனால், அது இலத்தீனிலிருந்து பழம் பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதில் உரசொலி என்றுமே இருந்ததில்லை. ‘லைட்’ என்பதன் எழுத்தைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டளவில் எழுத்தர் அதற்கும் அவ்வெழுத்துகளைச் சூட்டிவிட்டனர். மனத்தில் ஒளி பிறப்பதே மகிழ்ச்சி என்று இதற்கு விளக்கம் கூறுவது நயமாக இருக்கலாம், சொற்பிறப்பு ஆகாது. சிறிதளவு எனப் பொருள்படும் ‘ஸ்லைட்’ என்பதும் இவ்விரண்டில் எதற்கும் உறவன்று. வழவழப்பு, சமன் என்னும் பொருளுடைய வேறொரு சொல்லிலிருந்து வந்தது அது.

தமிழுக்கு வந்து சேர்ந்த உறவினர்

இவ்விரு ஆங்கிலச் சொற்களின் வேர்கள் இந்தோ–ஐரோப்பியப் பெருங்குடும்பம் முழுதும் பரந்தவை. எனவே வடமொழி வழியாக அவ்விரு வேர்களின் கிளைகளும் தமிழை அடைந்துள்ளன. இதுவே தமிழ் ஆய்வாளர்க்கு இச்சொல்லில் உள்ள தனி ஆர்வம்.

ஒளியைக் குறித்த வேரிலிருந்து இலத்தீனில் ஒளி, நிலவு ஆகியவற்றின் பெயர்களும், கிரேக்கத்தில் வெண்மையைக் குறிக்கும் சொல்லும் பிறந்தன. வடமொழியில் அவ்வேர் ‘ருச்’ என்னும் வினையடியாயிற்று. ஒளிர்தல் என்பது அதன் பொருள். ஒளிர்வது கண்ணைக் கவரும். கவர்வது விருப்பம் தரும். விருப்பம் நாவில் நின்றால் சுவை. இவ்வாறு ஒளியைக் குறித்த ‘ருசி’ தமிழர் அடுக்களையில் குழம்பின் சுவையைக் குறிக்கும் சொல்லாக வந்து அமர்ந்தது. கண்ணைக் குறிக்கும் ‘லோசனம்’ என்பதும் இவ்வேரோடு இணைத்தே பேசப்படுகிறது. முக்கண்ணனைத் திரிலோசனன் என்பது அதனால். ‘லோகம்’ என்பதற்குத் தொடக்கப் பொருள் திறந்த வெளி. காடழித்து ஒளி புகவிட்ட நிலம் என்ற கருத்திலிருந்து அது வந்ததென்பர். இலத்தீனில் தோப்பையும் இலித்துவேனியத்தில் வயலையும் குறிக்கும் சொற்கள் இதன் உடன்பிறப்புகள்.

இந்நிலையில் தமிழின் ‘வெளிச்சம்’ நினைவுக்கு வருவது இயல்பு. வெள், வெண்மை, வெள்ளி, வெளிர் ஆகியவற்றோடு அது சேர்கிறது. திறந்த இடத்தைக் குறிக்கும் ‘வெளி’யையும் அவ்வடியோடு சேர்ப்பதா, தனியடியாகக் கொள்வதா என்பது தனி வழக்கு. எவ்வாறாயினும், ஒளியும் திறந்த இடமும் ஒன்றையொன்று நினைவூட்டுவது ஒரு மொழிக்கே உரியதன்று.

கனமின்மையைக் குறித்த மற்றொரு வேர் இலத்தீனில் ‘லெவிஸ்’ ஆயிற்று. நெம்புகோலைக் குறிக்கும் ‘லெவர்’, துயர் தணிப்பைக் குறிக்கும் ‘ரிலீஃப்’ முதலியன அதன் வழிவந்தவை. வடமொழியில் அது ‘லகு’ எனவும் ‘ரகு’ எனவும் இருவடிவில் நின்றது. ரகு என்பதன் மூலப்பொருள் விரைவு. சுமையற்றது விரைந்து செல்லும். யாப்பில் குற்றசையைக் குறிக்கும் ‘லகு’வும், கருநாடக இசையின் தாள உறுப்பாகிய ‘லகு’வும் இதுவே. யாப்பில் இதற்கு மறுதலையான ‘குரு’ என்பதற்குக் கனத்தது என்பதே நேர்ப்பொருள். இன்றைய மொழியியலார் அசைகளைக் கனமற்றவை, கனத்தவை என்று ஆங்கிலத்தில் பகுக்கும்போது, வடமொழி யாப்பியலாரின் அப்பகுப்பையே அவ்வேரின் உறவுச்சொல்லைக் கொண்டு திரும்பக் கூறுகின்றனர்.

இந்த லகு தமிழில் ‘இலகு’ ஆயிற்று. ஈழத்தமிழ் வழக்கில் ‘இலகுவாக’ என்பது அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் பற்றிப் பேசுவோர் ‘இலகுரக வாகனம்’ என்பர். ஆனால், இச்சொல் தமிழுக்கு வந்தபோது அவ்விடத்தில் முன்னரே ஓர் ‘இலகு’ இருந்தது. ஒளிர்தல் என்னும் பொருளுடைய வினை அது. அதன் இனமான ‘இலங்கு’ சங்கப் பாடல்களிலேயே பயில்கிறது. ‘இலகு’ என்னும் வடிவம் பக்திப் பாடல்களிலும் பிற்காலச் செய்யுள்களிலும் பெருவழக்கு. ஆக, தமிழில் ‘இலகு’ என்றால் ஒளிர்தல். ‘இலகு’ என்றால் கனமின்மை. ஆங்கிலத்தின் ‘லைட்’ தாங்கும் அதே இரு பொருள்கள், தமிழில் முற்றிலும் வேறொரு வரலாற்றால், ஒரே வடிவில் வந்து சந்தித்துள்ளன. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மொழிக்குள் பிறந்து ஒலிமாற்றத்தால் ஒன்றாயின. தமிழிலோ ஒன்று இம்மண்ணின் வினை. மற்றொன்று வந்த பெயர், இகரத்தை முன்னே பெற்று அவ்வினையின் வடிவை ஏற்றது.

இது தற்செயல் ஒப்புமையே. ஒளிக்கும் கனமின்மைக்கும் மனித மனத்தில் ஏதோ ஆழ்ந்த பிணைப்பு உண்டு என்று இதைக்கொண்டு நிறுவ முற்படுவது பொருந்தாது. ‘ஒளி’ என்னும் சொல்லே அதற்கு மறுப்பு. அது வெளிச்சத்தையும் குறிக்கும், மறைத்தலையும் குறிக்கும். திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. ஒலி ஒன்றானதால் பொருளுறவைத் தேடிப் புறப்படுவோர், ஒளிர்வதே ஒளிவது என்று நிறுவும் நிலைக்குத் தள்ளப்படுவர்.

ஒளிச்சொல்லின் கிளைகள்

இரு சொற்கள் என்று பிரித்தபின், ஒவ்வொன்றும் தனக்குள் பல்பொருள் உடையதாக விரிவதைக் காணலாம். இவ்விரிவுகள் உண்மையான பொருள்விரிவுகள். ஒளியிலிருந்து ஒளி தரும் பொருளுக்கு, அதாவது விளக்குக்கு. அதிலிருந்து போக்குவரத்துக் குறிவிளக்குக்கு. புகைப்பவர் கேட்கும் தீக்கு. ஒளி படியும் பரப்பின் வெளிர்நிறத்துக்கு. ஒளி புகும் சாளரத்துக்கு. உள்ளத்தில் புகும் அறிவுக்கு எனப் பொருள் படிப்படியாக நகர்கிறது. ஒவ்வொரு படியும் முந்தையதோடு கைகோத்தே நிற்கிறது.

தமிழில் இப்பொருட்பரப்பு பல சொற்களிடையே பங்கிடப்பட்டுள்ளது. இயற்பியலார்க்கு ஒளி, அறையில் நிறைவது வெளிச்சம், ஏற்றுவது விளக்கு, எரிமுனை சுடர், கடன் கேட்பது நெருப்பு. கடற்கரையில் நிற்பது ‘கலங்கரை விளக்கம்’. சிலப்பதிகாரத்திலேயே இப்பெயர் உண்டு. தமிழில் ஒளியிலிருந்து அறிவுக்குச் செல்லும் பாலம் ‘விளங்கு’ என்னும் வினை. விளங்குவது ஒளிர்வதும் ஆகும், புரிவதும் ஆகும். விளக்குவது பாத்திரத்தையும் ஆகும், பாடத்தையும் ஆகும். இரவில் ஏற்றும் விளக்கும் ஆசிரியர் தரும் விளக்கமும் ஒரே வினையின் பெயர்கள். ஆகவே அறிவுப்பொருளில் வரும் ‘லைட்’ என்பதற்கு, ‘ஒளி’யைவிட ‘விளக்கம்’, ‘தெளிவு’ என்பன பல இடங்களில் நெருங்கிய இணைகள். ஒரு சிக்கலின் மீது ஓர் ஆவணம் ‘லைட்’ பாய்ச்சுகிறது என்று ஆங்கிலத்தில் வந்தால், அவ்வாவணத்தால் சிக்கல் விளங்குகிறது என்பதே தமிழ்.

இத்தொடர்களில் தமிழ் உரைநடை இன்று தடுமாறுகிறது. நீதிமன்றத் தீர்ப்பைக் கருத்திற்கொண்டு என்ற பொருளில் ‘தீர்ப்பின் ஒளியில்’ என எழுதும் வழக்கம் ஆட்சித்தமிழிலும் ஆய்வுரைகளிலும் பரவியுள்ளது. ஆங்கிலத் தொடரில் ஒளி உருவகமாகத் தேய்ந்து, அடிப்படை என்னும் அளவிலேயே நிற்கிறது. தமிழில் அத்தேய்மானம் நிகழவில்லையாதலால், தீர்ப்பு உண்மையிலேயே சுடர்விடுவது போன்ற மிகை தோன்றுகிறது. ‘வெளிச்சத்துக்கு வந்தது’ என்பதன் நிலை வேறு. செய்தித்தாள்களின் வழியே வேரூன்றிவிட்ட அத்தொடருக்கு ‘வெட்டவெளிச்சமாயிற்று’ என்னும் தமிழ்வழக்கு முன்னரே இடம் செய்து வைத்திருந்தது. ஆகவே அதனைக் கடிவதற்கு இக்கட்டுரை முற்படவில்லை.

சாளரப் பொருள் சற்று விரித்துரைக்கத்தக்கது. ஆங்கிலச் சட்டத்தில் ‘ஏன்ஷியன்ட் லைட்ஸ்’ என்றொரு கோட்பாடு உண்டு. ஒரு கட்டடத்தின் சாளரம் வழியே நெடுங்காலம் வந்துகொண்டிருந்த வெளிச்சத்தை, அண்டை நிலத்தார் புதிதாகச் சுவரெழுப்பித் தடுத்தல் கூடாது என்பது அதன் கருத்து. 1832ஆம் ஆண்டுச் சட்டம் அக்கால அளவை 20 ஆண்டுகள் என வரையறுத்தது. இலண்டனில் சில பழைய சாளரங்களின்கீழ் இவ்விரு சொற்களும் பலகையில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பயணநூல் ஒன்றைப் பெயர்ப்பவர் அதைப் ‘பழைய விளக்குகள்’ என்று பெயர்த்தால், படிப்பவர் சாளரத்தின்கீழ் விளக்கைத் தேடுவார். இங்கு ‘லைட்ஸ்’ என்பது விளக்கும் அன்று, ஒளியும் அன்று. ஒளி புகும் வாயில். இக்கோட்பாடு 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அதே 20 ஆண்டுக் கால அளவுடன் இடம்பெற்றது. அச்சட்டம் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. காற்றும் வெளிச்சமும் வரும் உரிமை என்று தமிழ்ப் பத்திரங்களில் எழுதப்படுவது இதைத்தான். சட்டத்தமிழ் இங்கு சொல்லைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்திருக்கிறது.

எடைச்சொல்லின் கிளைகள்

கனமின்மையைக் குறித்த சொல் இன்னும் வியப்பான திசைகளில் சென்றுள்ளது. இறைச்சிக் கடையில் ‘லைட்ஸ்’ என்றால் ஆடு, மாடு ஆகியவற்றின் நுரையீரல். உறுப்புகளுள் அதுவே கனமற்றது, நீரிலிட்டால் மிதக்கும். நுரையீரலுக்கு ஆங்கிலத்தில் பொதுவாக வழங்கும் ‘லங்’ என்னும் சொல்லும் இதே வேரினது. உருசிய மொழியிலும் நுரையீரலின் பெயருக்குக் கனமற்றது என்பதே பொருள். தமிழில் ‘நுரையீரல்’ எனப் பெயரிட்டோர் எடையைப் பார்க்காமல் நுரைபோன்ற தன்மையைப் பார்த்தனர். ஆனால், கண்ட பொருள் ஒன்றே.

இறங்குதல் என்னும் பொருள் வந்த வழி இன்னும் நுட்பமானது. குதிரையிலிருந்து ஒருவர் இறங்கினால் குதிரையின் சுமை குறைகிறது. குதிரையை இலகுவாக்குதல் என்பதே இறங்குதல் என்றாயிற்று. இன்றும் பிரித்தானியத் தொடர்வண்டி அறிவிப்புகளில் இறங்குதலுக்கு ‘அலைட்’ என்னும் சொல்லே வருகிறது. பறவை கிளையில் வந்து அமர்வதும் இச்சொல்லே. அங்கிருந்து, தேடாமல் ஒன்றைக் கண்டெடுத்தல் என்ற பொருளும் வந்தது. ஓர் ஆய்வாளர் பழைய சுவடி ஒன்றின்மீது ‘லைட்’ செய்தார் என்று ஆங்கில நூலில் வந்தால், அவர் அதற்கு ஒளியூட்டவில்லை. அது தற்செயலாக அவர் கைக்குக் கிடைத்தது. மறுபுறம், பற்றியெரிகிற நிலையில் என்பதைக் குறிக்கும் ‘அலைட்’ ஒளிச்சொல்லின் வழிவந்தது. எழுத்தில் ஒன்று, ஒன்று இறங்குவது, மற்றொன்று எரிவது.

‘லைட்டர்’ என்பதும் இப்படியே. பையில் இருப்பது நெருப்புக் கருவி. துறைமுகத்தில் இருப்பதோ, ஆழமற்ற கரையை அணுக இயலாத பெருங்கப்பலின் சரக்கை இறக்கி அதன் சுமையைக் குறைக்கும் தட்டையான படகு. 1974இல் புதிய துறைமுகம் அமையும் வரை தூத்துக்குடியில் பெருங்கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்க, தோணிகளும் இத்தகைய படகுகளுமே சரக்கை ஏற்றியிறக்கின. பழைய துறைமுக ஆவணங்களைக் கொண்டு வணிக வரலாறு எழுதுவோர் இவ்விரண்டாம் லைட்டரை அடிக்கடி எதிர்கொள்வர்.

உடல், மனம் பற்றிய கூட்டுச்சொற்கள் பலவும் இக்கிளையைச் சேர்ந்தவை. தலையோடு சேர்ந்தால் கிறுகிறுப்பு, நெஞ்சோடு சேர்ந்தால் கவலையின்மை, விரலோடு சேர்ந்தால் திருட்டுக் கை. இவற்றுள் ஒன்றிலும் ஒளி இல்லை. இசையோடு சேர்ந்தபோது தமிழ் ‘மெல்லிசை’ என்றது. ‘இலகுவிசை’ என்றோ ‘எளியவிசை’ என்றோ சொல்லாமல் மென்மையைத் தேர்ந்தது நல்ல பெயர்ப்பு. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணையருக்கு வழங்கிய ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டத்தில் அச்சொல் நிலைபெற்றுவிட்டது.

தொல்காப்பியர் வகுத்த வழி

வேர்வரலாறு தெரியாத ஒருவர் ‘லைட்’ வரும் ஒரு வாக்கியத்தில் எச்சொல் நிற்கிறது என எவ்வாறு அறிவது? கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் பல்பொருள் ஒருசொல்லை வினைவேறுபடூஉம் பல்பொருள் ஒருசொல், வினைவேறுபடாஅப் பல்பொருள் ஒருசொல் என இரண்டாகப் பகுக்கிறார். முன்னதன் பொருளை, அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம். உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்பதை எடுத்துக்காட்டுவர். பூத்தது என்றால் மரம். ஓடிற்று என்றால் விலங்கு. பின்னதில் வினை துணைசெய்யாது. மா வீழ்ந்தது என்றால் மரமோ விலங்கோ அறியோம். அங்கே எதுவெனக் கிளந்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவுகோல் ‘லைட்’ என்பதற்கு அப்படியே பொருந்துகிறது. பெயராக வருமிடத்து வினை வழிகாட்டும். ஏற்றுவது, அணைப்பது, மங்குவது எனில் ஒளிச்சொல். அடையாக வருமிடத்து இனம் வழிகாட்டும். இங்கு இனம் என்பதை, அவ்விடத்தில் மாற்றி வைக்கத்தக்க மறுதலைச் சொல் என்று விரித்துக்கொள்ளலாம். இருண்ட அறை என்று மாற்ற முடிந்தால் ஒளிச்சொல். கனத்த பெட்டி, கனமழை, பெருவிருந்து, ஆழ்ந்த உறக்கம் என்று மாற்ற நேர்ந்தால் எடைச்சொல். வகுப்பறையில் மாணவர்க்குச் சொற்பிறப்பைக் காட்டிலும் இம்மறுதலைச் சோதனையே முதலில் கற்பிக்கத்தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஆயினும் வினைவேறுபடாத இடங்களும் உள. அவர் ‘லைட் கோட்’ அணிந்திருந்தார் என்றால், வெளிர்நிற மேலங்கியா, மெல்லிய துணியாலானதா? இரண்டு மறுதலைகளும் அங்குப் பொருந்தும். ஆங்கில ஆசிரியர் அத்தெளிவின்மையுடன் எழுதிச் சென்றுவிடலாம். தமிழில் பெயர்ப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. கோடைக்காலம், கடற்கரை என்னும் சார்பு இருப்பின் அதைக்கொண்டு முடிவு செய்யலாம். சார்பும் இல்லாத இடத்தில் பெயர்ப்பவர் ஒன்றைத் துணிந்தே ஆக வேண்டும். தாம் துணிந்தது இதுவென அடிக்குறிப்பில் கூறுவது நேர்மை.

தமிழர் வாயில் ‘லைட்’

பேச்சுத்தமிழ் இவ்விரு ஆங்கிலச் சொற்களையும் கடனாகப் பெற்றுள்ளது. ஆனால் ஆங்கிலம் செய்யாத ஒன்றைச் செய்துள்ளது. ‘லைட்டு’ எனப் பெயராக வந்தால் அது விளக்கு மட்டுமே. வெயிலையோ நிலவொளியையோ எவரும் லைட்டு என்பதில்லை. ‘லைட்டா’ என வினையடையாக வந்தால் அது சிறிதளவு என்னும் பொருள் மட்டுமே. ‘லைட்டா சாப்பிட்டேன்’, ‘லைட்டா தலை வலிக்குது’ என்பவற்றில் எவர்க்கும் விளக்கு நினைவுக்கு வராது. அதாவது, ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்றாகிவிட்ட இரு சொற்களைத் தமிழ் தன் இலக்கண விகுதிகளைக் கொண்டு மீண்டும் இரண்டாகப் பிரித்துவிட்டது. மயக்கத்துக்குரிய இடம் ஒன்றே எஞ்சுகிறது. தேநீர்க் கடையில் ‘லைட் டீ’ என்று கேட்பவர்க்குக் கிடைப்பது டிகாக்‌ஷன் குறைந்த தேநீர். அதன் மறுதலை ‘ஸ்ட்ராங்’ என்பதால் அது எடைச்சொல்லே. எனினும் அத்தேநீர் நிறத்தாலும் வெளிறித்தான் இருக்கும்; அங்கு மயங்கினாலும் கேடில்லை.

ஆங்கிலத்திலும் அண்மையில் இத்தகைய பிரிவுக்கு ஒரு முயற்சி நிகழ்ந்துள்ளது. கொழுப்போ ஆற்றலோ குறைந்த உணவுப்பொருள்களுக்கும், குறைந்த தரவில் இயங்கும் கைப்பேசிச் செயலிகளுக்கும் ஊமை எழுத்துகளை நீக்கிய எழுத்துக்கூட்டலில் ‘லைட்’ எனப் பெயரிடுகின்றனர். இவ்விடங்களில் இக்கூட்டல் எடைச்சொல்லையே குறிக்கும். தமிழெழுத்தில் எழுதும்போது அவ்வேறுபாடு புலப்படாமற் போகிறது.

அகராதிப் பதிவு

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒளிர்தலைக் குறிக்கும் இலகுவையும் கனமின்மையைக் குறிக்கும் இலகுவையும் தனித்தனித் தலைச்சொற்களாகவே தருகிறது. அதற்கு நெடுங்காலம் முன்பே திவாகர நிகண்டு, ஒருசொல் பல்பொருட் பெயர்களுக்கெனத் தனித் தொகுதியொன்றை ஒதுக்கியது. ஆனால் நிகண்டு, மனப்பாடத்துக்குரிய செய்யுளாதலால், ஒரு வடிவத்தின் பொருள்களை அடுக்குவதோடு நின்றது. அவற்றுள் எவை ஓர் அடியினின்று விரிந்தவை, எவை வடிவால் மட்டும் ஒத்தவை என்று பிரிப்பது அதன் நோக்கமன்று.

மாணவர்க்கென வெளிவரும் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பல இன்றும் அந்நிகண்டு முறையிலேயே நிற்கின்றன. பெயர், அடை, வினை என்னும் சொல்வகைப் பகுப்புக்குள் ஒளி, வெளிர், இலேசான, எளிய, மென்மையான என எல்லாவற்றையும் காற்புள்ளியிட்டு அடுக்கிவிடுகின்றன. பொருள் அறிய வரும் மாணவர் தம் வாக்கியத்துக்குத் தோதாகத் தெரியும் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். பாலக்லாவாப் படைக்கு ஒளி கிடைப்பது இவ்வழியில்தான்.

‘லைட்’ என்னும் தலைச்சொல்லை எண்ணிட்டு இரண்டாகப் பகுத்து, முதலதன்கீழ் ஒளி முதல் அறிவு வரையிலான கிளைகளையும், இரண்டாவதன்கீழ் கனமின்மை முதல் இறங்குதல் வரையிலான கிளைகளையும் தருவது பக்கத்தில் சில வரிகளையே மிகுவிக்கும். ஒவ்வொரு கிளைக்கும் அதன் மறுதலைச் சொல்லையும் உடன் குறித்தால் பயன் இரட்டிக்கும். சொற்பிறப்பு அறியாதவரும் மறுதலையைக் கொண்டு தம் வாக்கியத்தைச் சோதித்துக்கொள்வர். வெளிர்நிறப் பொருளை எங்கு வைப்பது என்பதில் மட்டும் சிறு தயக்கம் எழக்கூடும். வேர்வரலாற்றால் அது ஒளிச்சொல்லைச் சார்ந்தது. அதன் மறுதலை இருண்ட நிறம் என்பதும் அதையே உறுதிசெய்கிறது. ஆனால் இன்றைய ஆங்கிலேயர் பலர் அதை, அழுத்தம் குறைந்த நிறம் என்று எடைச்சொல்லோடு சேர்த்தே உணர்தல் கூடும். தமிழில் இளநீலம், வெளிர்நீலம் என இருவகையாகவும் பெயர்க்கிறோம். ஒன்று இளமையையும் மற்றொன்று வெண்மையையும் அடியாகக் கொண்டது. இரு பெயர்ப்புகளையும் முதற் சொல்லின்கீழ் வைத்து, இரண்டாம் சொல்லின்கீழ் ‘காண்க’ என ஒரு குறிப்பு இடுவதே தக்கது.